பள்ளி நாட்காட்டியில் நமது பெருநாள்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

நமது மஹல்லாவின் பிள்ளைகளில் பெரும்பாலோர் காலையில் அரசுப் பள்ளிக்கோ, மாநகராட்சிப் பள்ளிக்கோ, அரசு உதவி பெறும் பள்ளிக்கோ செல்கின்றனர். மாலையில் மக்தப் மதரஸாவிற்கு வருகின்றனர். காலையில் அவர்கள் பின்பற்றுவது சூரியனை ஒட்டிய நாட்காட்டி. மாலையில் அவர்கள் ஓதுவது பிறையை ஒட்டிய மாதங்களின் பெயர்கள். இவ்விரு நாட்காட்டிகளும் ஆண்டில் ஒரு சில நாட்களில் மட்டுமே ஒன்றையொன்று சந்திக்கின்றன. அந்த நாட்களைத்தான் அரசு தன் பட்டியலில் ரம்ஜான், பக்ரீத், மொகரம், மிலாடி நபி என்று குறிப்பிடுகிறது.

இந்த நான்கு நாட்களையும் நாம் இயல்பாகக் கிடைத்தவை போல் எண்ணி அனுபவிக்கிறோம். அவற்றில் ஒன்று நம் கண்முன்னே கொடுக்கப்பட்டது, பறிக்கப்பட்டது, மீண்டும் கொடுக்கப்பட்டது என்பதை இன்றைய இளைஞர்களில் பலர் அறியார். வரலாற்றை அறியாத சமுதாயம் தன்னிடம் உள்ளதன் மதிப்பையும் அறியாது. அதைக் காக்கும் வழியையும் அறியாது. அந்த நோக்கிலேயே இவ்வாண்டு மலரில் இக்கட்டுரையை ஜமாஅத்தார்களின் பார்வைக்கு வைக்கிறோம்.

விடுமுறை எங்கிருந்து பிறக்கிறது?

அரசு விடுமுறை என்பது நம் நாட்டில் ஒரு வியப்பான சட்டத்திலிருந்து பிறக்கிறது. காசோலை, உண்டியல் முதலிய பண ஆவணங்களை ஒழுங்குபடுத்த ஆங்கிலேயர் 1881-இல் இயற்றிய செலாவணி முறிச் சட்டமே அது. குறித்த நாளில் பணம் செலுத்த வேண்டிய ஆவணம் ஒன்று விடுமுறை நாளில் முதிர்ந்தால் என்ன செய்வது என்ற வணிகக் கேள்விக்கு விடை காணவே, எது பொது விடுமுறை என்பதை அச்சட்டத்தின் 25-ஆவது பிரிவு விளக்குகிறது. ஞாயிற்றுக்கிழமையும், அரசு அறிவிக்கை வாயிலாக அறிவிக்கும் பிற நாட்களும் பொது விடுமுறை என்கிறது அது. இவ்வாறு அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு 1957-இல் மாநில அரசுகளிடமும் ஒப்படைத்தது.

அன்று முதல் ஆண்டுதோறும் மாநில அரசு, வரும் ஆண்டிற்கான பொது விடுமுறை நாட்களைப் பட்டியலிட்டு முன்கூட்டியே ஆணை வெளியிடுகிறது. வங்கிக்கும் அலுவலகத்திற்கும் பொருந்தும் அந்தப் பட்டியலையே பள்ளிக் கல்வித் துறையும் ஏற்று, அதனுடன் காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளைச் சேர்த்துத் தன் நாட்காட்டியை அமைக்கிறது. ஆகவே நம் பிள்ளை பெருநாளன்று வீட்டில் இருக்கிறான் என்றால், அதற்கு அடிப்படை கல்விச் சட்டம் அன்று. மத உரிமைச் சட்டமும் அன்று. ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடப்படும் ஓர் அரசாணையே.

இதன் பொருளை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆணையால் வந்தது ஆணையால் போகவும் கூடும். பொது விடுமுறை எவருடைய சட்ட உரிமையும் அன்று, அது அரசின் கொள்கை முடிவே என்று பம்பாய் உயர்நீதிமன்றமும் 2022-இல் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது. அவ்வழக்கு நம் சமுதாயம் சார்ந்ததன்று. எனினும் அதன் கோட்பாடு எல்லாருக்கும் பொதுவானதே.

பொதுப் பள்ளியும் முஸ்லிம் பிள்ளையும்

அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகள் ஏன் போதிய அளவில் சேரவில்லை என்ற கேள்வி இந்தியாவில் நூற்றைம்பது ஆண்டுப் பழைமை உடையது. 1871 ஆகஸ்டில் மேயோ பிரபுவின் அரசு இது பற்றித் தனித் தீர்மானமே வெளியிட்டது. 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் முஸ்லிம்களின் கல்விக்குத் தனி ஊக்கம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சென்னையில் ஆர்க்காட்டு நவாபின் ஆதரவில் தோன்றிய மதரஸா-இ-ஆஸம் போன்ற நிறுவனங்கள் இக்கேள்விக்கு ஒருவகை விடையாக அமைந்தன.

ஆனால் அவை யாவும் நகரின் தென்பகுதியில், நவாபின் நிழலில் வளர்ந்தவை. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் அண்டி வாழ்ந்த நம் முன்னோர்களுக்கு அவை எட்டாத் தொலைவு. துறைமுகத்தில் சுமை தூக்கியவரும், ஆலைகளில் உழைத்தவரும், சிறு கடை நடத்தியவரும் தம் பிள்ளைகளை அருகில் இருந்த பொதுப் பள்ளிக்கே அனுப்பினர். அங்கே மீனவக் குடும்பத்துப் பிள்ளையும், கிறிஸ்தவப் பிள்ளையும், ஆந்திரத்திலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். இன்றும் அவ்வாறே படிக்கின்றனர்.

அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி, முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனைக்கு இடமில்லை. அது சரியானதே. எனவே அத்தகைய பள்ளியில் நம் பிள்ளையின் மார்க்கம் பாடமாக வராது, வரவும் வேண்டியதில்லை. ஆனால் நாட்காட்டியில் ஒரு நாளாக அது வரலாம். "உன் வீட்டிலும் ஒரு பெருநாள் உண்டு, அதை இந்தப் பள்ளி அறியும்" என்று பொதுப் பள்ளி ஒரு குழந்தைக்குச் சொல்லக்கூடிய எளிய வழி அதுவே. அதே நாளில் பக்கத்து இருக்கைப் பிள்ளையும் பள்ளிக்குச் செல்வதில்லை. இன்று ஏன் விடுமுறை என்று அப்பிள்ளை தன் தாயிடம் கேட்கிறது. அந்தக் கேள்வியில்தான் நல்லிணக்கத்தின் முதல் பாடம் அடங்கியுள்ளது.

1969: ஒரே ஆண்டில் இரு நாட்கள்

1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது நமது இராயபுரத்து ராபின்சன் பூங்காவில் என்பதை இப்பகுதியின் மூத்தவர்கள் பெருமையோடு கூறுவர். மீலாது மேடைகளில் பெரியாரும் அண்ணாவும் பிற திராவிட இயக்கத் தலைவர்களும் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி உரையாற்றுவது அக்காலத்தில் தமிழகத்திற்கே உரிய மரபாக இருந்தது. 1967 தேர்தலில் கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் தலைமையிலான முஸ்லிம் லீக் அக்கட்சியின் அணியில் இடம்பெற்றது.

1969 பிப்ரவரி 3 அன்று அறிஞர் அண்ணா மறைந்தார். அதன்பின் அம்மாதமே முதலமைச்சர் பொறுப்பேற்ற மு. கருணாநிதி அவர்களின் ஆட்சியில், அதே 1969-இல் மீலாது நபி நாள் தமிழகத்தில் அரசு விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. மே முதல் நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையானதும் அதே ஆண்டில்தான். இந்தியாவில் முதன்முதலாக மே நாளைச் சிங்காரவேலர் 1923-இல் கொண்டாடியதும் இந்தச் சென்னைக் கடற்கரையில்தானே! உழைப்பாளியின் நாளும் உத்தம நபியின் பிறந்த நாளும் ஒரே ஆண்டில் அரசின் பட்டியலில் ஏறியது, உழைப்பையும் ஈமானையும் இரு கண்களாகக் கொண்ட வடசென்னை முஸ்லிம்களுக்குத் தனிப் பொருள் உடையது.

நாடு முழுவதற்குமான அறிவிப்பு வர மேலும் 21 ஆண்டுகள் ஆயின. 1990 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் ஆற்றிய சுதந்திர நாள் உரையில் பிரதமர் வி.பி. சிங் மீலாது நபி நாளை விடுமுறையாக அறிவித்தார். தில்லி 1990-இல் செய்ததைத் தமிழகம் 1969-லேயே செய்துவிட்டது.

மீலாது விழாவைக் கொண்டாடும் முறை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்திற்குள் இக்கட்டுரை நுழையவில்லை. கொண்டாடுவோர், கொண்டாடாதோர் ஆகிய இருசாராரின் பிள்ளைகளும் பயிலும் பொதுப் பள்ளியில், பெருமானார் (ஸல்) அவர்களின் பெயரால் ஒரு நாள் அறியப்படுவது பற்றியே இங்கு பேசுகிறோம்.

2001 முதல் 2006 வரை

ஆணையால் வந்தது ஆணையால் போகக்கூடும் என்று மேலே குறிப்பிட்டோம். 2001-இல் அதுவே நிகழ்ந்தது. அவ்வாண்டு அமைந்த அ.இ.அ.தி.மு.க. ஆட்சியில் மீலாது நபி விடுமுறை நீக்கப்பட்டது. 32 ஆண்டுகள் பட்டியலில் இருந்த நாள் மறைந்தது. 2006-இல் தி.மு.க. மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே விடுமுறை மீட்கப்பட்டது. அதன்பின் ஆட்சிகள் மாறியபோதும் அந்த நாள் பட்டியலில் நிலைத்து நிற்கிறது. 2011-இலும் 2016-இலும் அ.இ.அ.தி.மு.க.வே ஆட்சி அமைத்தது. அப்போது அந்நாள் நீக்கப்படவில்லை. இதை நேர்மையுடன் பதிவு செய்வது நம் கடமை.

எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ இதை எழுதவில்லை. ஜமாஅத் அனைத்துக் கட்சியினருக்கும் பொதுவானது. நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் தொடக்கப் பள்ளியில் பயின்ற ஒரு குழந்தை, மீலாது நாளில் வழக்கம்போல் பள்ளிக்குச் சென்றது. அந்நாளுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அக்குழந்தையின் பள்ளிக்குத் தெரியாது போயிற்று. பெரியவர்களுக்கு இது ஓர் அரசியல் செய்தி. குழந்தைக்கோ அதுவே உலகம்.

பிற மாநிலங்களிலும் இது நிகழ்ந்துள்ளது. உத்தரப் பிரதேச அரசு 2017 ஏப்ரலில் 15 பொது விடுமுறைகளை ஒரே சமயத்தில் நீக்கியது. பல சமூகத் தலைவர்களின் பிறந்த நாள்களோடு மீலாது நபி நாளும் அதில் அடங்கும். பள்ளிகளின் வேலை நாட்கள் குறைகின்றன என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

பிறையும் பட்டியலும்

நம் பெருநாள்களை நாட்காட்டியில் அடைப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. ஆகவே நம் பெருநாள்கள் ஆங்கில ஆண்டில் ஏறத்தாழ 11 நாட்கள் வீதம் பின்னோக்கி நகர்கின்றன. சுமார் 33 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்று நிறைவுறும். 2000-ஆம் ஆண்டின் ஜனவரியிலும் டிசம்பரிலும் என இருமுறை நோன்புப் பெருநாள் கண்டது பலருக்கு நினைவிருக்கும். 2033-இலும் அவ்வாறே இரு நோன்புப் பெருநாள்கள் வரும் எனக் கணக்கிடப்படுகிறது.

இரண்டாவதாக, பெருநாளின் சரியான தேதி பிறை கண்ட பின்னரே உறுதியாகும். 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தை ஒட்டி அரசால் நியமிக்கப்படும் தலைமை காஜி அவர்களின் அறிவிப்பே தமிழகத்தில் இதற்கு அடிப்படை. 2024-இல் மீலாது நபி விடுமுறையை முதலில் செப்டம்பர் 16 எனப் பட்டியலிட்டிருந்த தமிழக அரசு, பிறை அறிவிப்பை ஏற்று அதைச் செப்டம்பர் 17-க்கு மாற்றியது. அச்சிட்ட பட்டியலை வானத்துப் பிறைக்காக ஓர் அரசு திருத்துகிறது என்பது சிறிய செய்தியன்று.

மூன்றாவதாக, பட்டியலில் நாள் இருந்தாலும் அது வார விடுமுறையோடு சேர்ந்துவிடுவது உண்டு. 2025-ஐ எடுத்துக்கொள்வோம். நோன்புப் பெருநாள் மார்ச் 31, திங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, சனி. மொகரம் ஜூலை 6, ஞாயிறு. மீலாது நபி செப்டம்பர் 5, வெள்ளி. நான்கில் இரண்டு வாரக் கடைசியில் அடங்கிவிட்டன. முஸ்லிம்களுக்காகப் பள்ளிகள் ஓயாமல் மூடப்படுகின்றன என்று எவரேனும் கூறினால், அவருக்கு இந்தக் கணக்கைப் பணிவுடன் காட்டலாம்.

2024 ஏப்ரல்: தேர்வுக்கு நடுவே ஒரு பெருநாள்

விடுமுறை நாள் ஒன்று பட்டியலில் இருப்பது மட்டும் போதாது என்பதை 2024 ஏப்ரல் உணர்த்தியது. அவ்வாண்டு 4 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வு அட்டவணை வெளியானபோது, அறிவியல் தேர்வு ஏப்ரல் 10 அன்றும் சமூக அறிவியல் தேர்வு ஏப்ரல் 12 அன்றும் வைக்கப்பட்டிருந்தன. இடையில் 11-ஆம் நாள் ரம்ஜான் விடுமுறை. காகிதத்தில் பிழையேதும் இல்லை. ஆனால் பிறை ஒருநாள் முன்னதாகத் தெரிந்தால் பெருநாளன்றே தேர்வு; தெரியாவிட்டால் பெருநாளுக்கு முந்திய நாளும் மறுநாளும் தேர்வு. புத்தாடை அணிந்து தொழுகைக்குச் சென்று திரும்பிய பிள்ளை, அன்று மாலையே பாட நூலைத் திறக்க வேண்டும்.

முஸ்லிம் அமைப்புகள் இதை எடுத்துரைத்துக் கோரிக்கை வைத்தன. பள்ளிக் கல்வித் துறை அதனை ஏற்று, அறிவியல் தேர்வை ஏப்ரல் 22-க்கும் சமூக அறிவியல் தேர்வை ஏப்ரல் 23-க்கும் மாற்றியது. அவ்வாண்டு தமிழகத்தில் ஏப்ரல் 11 அன்றே நோன்புப் பெருநாள் அமைந்தது. ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. அதன்பின் பிள்ளைகள் எஞ்சிய இரு தேர்வுகளையும் எழுதினர்.

இதில் நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. அந்த இரு நாட்களிலும் தேர்வெழுத வந்தவர்கள் நம் பிள்ளைகள் மட்டுமல்லர். இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளும் தம் கோடை விடுமுறையைப் பல நாட்கள் தள்ளி வைத்துக்கொண்டு வந்தனர். நம் பெருநாளுக்காக அண்டை வீட்டுப் பிள்ளை செய்த விட்டுக்கொடுத்தல் அது. அதற்கு நன்றியுடைமையே நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு.

நோன்புக் காலம் முழுவதும் தேர்வாக அமைந்த ஆண்டும் உண்டு. 2025-இல் பிளஸ் டூ பொதுத் தேர்வு மார்ச் 3 அன்று தொடங்கி 25 அன்று முடிந்தது. ரமளான் நோன்பு மார்ச் 2 முதல் 30 வரை. ஆகத் தேர்வு நாட்கள் யாவும் நோன்பு நாட்களே. சஹர் உணவுக்குப் பின் கண்ணயராமல் பாடம் படித்துத் தேர்வு மையத்திற்குச் சென்ற பிள்ளைகளை நம் மஹல்லாக்கள் அறியும். பொதுத் தேர்வை ஒரு மாதம் தள்ளிவைக்க இயலாது என்பதை நாமும் உணர்கிறோம். எதைக் கேட்பது, எதைப் பொறுத்துக்கொள்வது என்ற பகுத்தறிவும் ஒரு சமுதாயத்திற்கு வேண்டும்.

ஆலையில் தந்தை, வீட்டில் மகன்

நம் பகுதிக்கே உரிய இன்னொரு நிலையும் உண்டு. பள்ளிக்குப் பொருந்தும் விடுமுறைப் பட்டியல் ஆலைக்குப் பொருந்துவதில்லை. தொழில் நிறுவனங்களுக்கு 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் உண்டு. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கோடு, கலந்து முடிவு செய்யப்படும் ஐந்து பண்டிகை நாட்களை அது வழங்குகிறது. பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை என்று எண்ணத் தொடங்கினால் ஐந்து விரைவில் நிறைந்துவிடும். எனவே எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் பணிபுரியும் தந்தை ஒருவருக்கு ஹஜ்ஜுப் பெருநாளோ மீலாது நாளோ வேலை நாளாக அமையலாம். மகன் வீட்டில் இருப்பான். தந்தை முறைப் பணியில் இருப்பார். பள்ளி விடுமுறையைப் பேசும்போது தொழிற்சங்கங்களில் இருக்கும் நம் சகோதரர்கள் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பிற நிலங்களின் அனுபவம்

கேரளத்தில் முஸ்லிம் பள்ளிகளுக்கெனத் தனி நாட்காட்டியே உண்டு. வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ரமளானில் நீண்ட விடுமுறை. இலங்கையிலும் முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனித் தவணை அட்டவணையைக் கல்வி அமைச்சு வெளியிடுகிறது. இலட்சத்தீவிலும் பல்லாண்டுகளாக வெள்ளிக்கிழமையே பள்ளி விடுமுறையாக இருந்தது. 2021 டிசம்பரில் அது ஞாயிற்றுக்கிழமையாக மாற்றப்பட்டது.

இலங்கை மேலும் ஒரு படிப்பினையைத் தருகிறது. 1966 முதல் அந்நாடு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, பௌத்தர்களின் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. பிறையின் ஓட்டத்தில் அமையும் போயா நாட்கள் உலக வணிகத்தோடு ஒத்துவரவில்லை. 1971-இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. பெரும்பான்மைச் சமூகமே தன் சமய நாளை நாட்காட்டி முழுவதற்கும் அளவுகோலாக்க முயன்று, பின் ஒரு நடுவழியைக் கண்டது.

சிங்கப்பூர் 1968-இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தாரும் தமக்குரியவற்றில் சிலவற்றைக் கைவிட நேர்ந்தது. முஸ்லிம்கள் இரு பெருநாள்களையும் வைத்துக்கொண்டு மீலாது நபி நாளை விட்டனர். இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தை விட்டனர். இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவாக இருந்ததால் அது மனக்காயமாகவில்லை. 2001-இல் நம் மனம் வருந்தியது ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

நியூயார்க் நகரில் 2006 ஜனவரியில் ஹஜ்ஜுப் பெருநாளன்று பள்ளிகளில் மாநிலத் தேர்வு வைக்கப்பட்டது. அது எழுப்பிய வருத்தமே ஒரு கோரிக்கையாக வளர்ந்தது. நகர மன்றம் 2009-இல் தீர்மானம் இயற்றியும் அப்போதைய மேயர் இணங்கவில்லை. 2015 மார்ச்சில் அடுத்த மேயர் இரு பெருநாள்களையும் பள்ளி விடுமுறையாக அறிவித்தார். கிறிஸ்தவர்களும் யூதர்களும் முஸ்லிம்களுடன் சேர்ந்து அக்கோரிக்கையை முன்வைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் 2023-இல் நியூயார்க் மாநிலச் சட்டத்தின் வழியாக அந்நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறையும் வந்தது. அங்கு சிறுபான்மையாக வாழும் இந்துக் குடும்பங்களுக்கு அது மகிழ்வளித்தது. முஸ்லிம்கள் திறந்த வாயில் வழியே இந்துக்களும் நுழைந்தனர். நியாயம் ஒன்றே, இடந்தான் வேறு.

சில ஐயங்களும் விடைகளும்

"ஒவ்வொரு சமயத்துக்கும் விடுமுறை தந்தால் பள்ளி எப்போது நடக்கும்?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 200 வேலை நாட்களையும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 220 வேலை நாட்களையும் வரையறுக்கிறது. அவற்றைக் குறைக்க நாமும் விரும்பவில்லை. படிப்பு குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது ஏழைப் பிள்ளையே. இதற்குத் தமிழகத்திலேயே நல்ல வழி உண்டு. நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினம் மாவட்டத்திலும், ஏர்வாடி சந்தனக்கூட்டிற்கு இராமநாதபுரம் மாவட்டத்திலும் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அளித்து, ஒரு சனிக்கிழமையை ஈடாக வேலை நாளாக அறிவிக்கிறார். கோயில் திருவிழாக்களுக்கும் தேவாலயத் திருநாள்களுக்கும் இதே முறைதான். பண்டிகையும் நிற்கிறது; படிப்பும் நிற்கிறது.

மற்றொன்று, நம்மைவிடச் சிறிய சமூகங்களைப் பற்றியது. இராயபுரத்தில் 1910 முதல் பார்சி மக்களின் தீக்கோயில் இருக்கிறது. தமிழகத்தில் அவர்களுக்கு உள்ள ஒரே வழிபாட்டிடம் அது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பார்சிப் புத்தாண்டு பொது விடுமுறை; தமிழகத்தில் இல்லை. எண்ணிக்கை குறைந்தால் நாட்காட்டியும் மறந்துவிடுகிறது. அத்தகைய பிள்ளை தன் திருநாளில் விடுப்புக் கேட்டால் ஆசிரியர் மறுக்காதிருக்க வேண்டும். அன்று தேர்வு வைத்திருந்தால் மறுவாய்ப்புத் தர வேண்டும். நமக்குக் கேட்கும் நியாயத்தைப் பிறர்க்கும் கேட்பதே நீதி.

நாம் செய்ய வேண்டுவன

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஜமாஅத் செய்யத்தக்க சில பணிகளைக் குறிப்பிட விரும்புகிறோம்.

முதலாவதாக, அரசின் விடுமுறைப் பட்டியல் வெளியானவுடன் அதை ஹிஜ்ரி நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெருநாளுக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களையும் கவனிக்க வேண்டும். தேர்வு அட்டவணை அச்சான பின் முறையிடுவதைவிட, அதற்கு முன்பே கல்வி அலுவலருக்கு விண்ணப்பிப்பது எளிது. ரமளான் 2031 முதல் 2033 வரை டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக் காலத்தை ஒட்டி அமையும் என இப்போதே கணக்கிடலாம். இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்.

இரண்டாவதாக, பெருநாளன்று மட்டுமே விடுப்பு என்ற ஒழுக்கத்தை நம் வீடுகளில் வளர்க்க வேண்டும். பெருநாளைச் சாக்காக வைத்து மூன்று நாள், நான்கு நாள் பள்ளிக்கு அனுப்பாதிருந்தால், நம் கோரிக்கையின் வலிமையை நாமே குறைத்தவர்களாவோம். விடுமுறைக்காக வாதாடும் சமுதாயத்தின் பிள்ளைகள், வருகைப் பதிவேட்டில் முதலிடம் பெற வேண்டும்.

மூன்றாவதாக, வகுப்பு ஆசிரியர்களோடு நல்லுறவு வேண்டும். பெருநாள் என்றால் என்ன, குர்பானி எதற்கு, நோன்பு நோற்கும் பிள்ளையை விளையாட்டு வகுப்பில் எப்படி நடத்துவது என்பவற்றை ஒரு கடிதத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் அளிக்கலாம். பல ஆசிரியர்கள் அறியாமையால்தான் கேட்கின்றனர், பகையால் அல்ல.

நான்காவதாக, விடுமுறை ஆணைகள், மாற்ற ஆணைகள், நாம் அளித்த விண்ணப்பங்கள் ஆகியவற்றின் நகல்களை ஜமாஅத் அலுவலகத்தில் ஆண்டுவாரியாகக் கோப்பிட்டு வைக்க வேண்டும். 1969-இல் நடந்ததை 2001-இல் எடுத்துக்காட்ட எத்தனை ஜமாஅத்களிடம் ஆவணம் இருந்திருக்கும்? வரும் தலைமுறை அந்தக் கேள்வியை நம்மைப் பார்த்துக் கேட்கும் நிலை வரக்கூடாது.

ஒரு நாள் விடுமுறையால் ஒரு சமுதாயம் உயர்ந்துவிடாது. கல்வியும் ஒழுக்கமும் உழைப்புமே உயர்த்தும். ஆயினும் பொதுப் பள்ளி தன் நாட்காட்டியில் நம் பிள்ளையின் பெருநாளை எழுதி வைக்கும்போது, இந்த மண்ணில் நீயும் உரியவன் என்று ஓர் உறுதியை அது தருகிறது. அந்த எழுத்து அழியாமல் காப்பது அரசின் கடமை மட்டுமன்று. நம் கடமையும் ஆகும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அண்டை வீட்டாரோடு இணக்கமான வாழ்வையும், பெருநாள்களை மகிழ்வுடன் அடையும் நற்பேற்றையும் தந்தருள்வானாக! ஆமீன்.